வெயில் தாங்காத எரிமலைக் கல்

ஆறு நாள் ஜெர்மனியில் இருந்தேன். நாலு நாள் மழை. மீதி இரண்டு நாள் மழை வருகிற மாதிரி இருந்தது.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கல் பார்க்கப் போனேன். துபாயில் கடலோரம் ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கு திரும்பினாலும் கிரேன் நின்ற வருடங்கள் அவை. ஹோட்டலின் முன்முற்றம் முழுக்கக் கறுப்புக் கல் பதிக்க வேண்டும். பிளான் போட்ட வெள்ளைக்காரர் ஐரோப்பாவில் எங்கோ ஒரு தெருவைப் பார்த்துவிட்டு, அதே கல்தான் வேண்டும் என்று நின்றார். கறுப்புக் கல்லுக்கு உலகத்தில் பஞ்சமா? எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் காலில் இடறுவதெல்லாம் கறுப்புக் கல்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

பதிக்கிற கேங்குக்கு நான் போர்மேன். ஆட்கள் பதினான்கு பேர், என்னோடு பதினைந்து. எல்லாரும் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம். சோனாப்பூர் லேபர் கேம்பில் இரண்டு ரூமில் இருந்தோம்.

முந்தின வருடம் எங்கள் கம்பெனியில் வேறொரு கேங் ஒரு பங்களாவுக்கு மஞ்சள் கல் பதித்தது. எட்டு மாதத்தில் கல் அப்பளம் மாதிரி உரிந்தது. கல் மோசம் என்றார்கள் பதித்தவர்கள். பதித்த விதம் மோசம் என்றார்கள் வாங்கியவர்கள். அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த இருபத்திரண்டு பேரின் விசாவையும் ஒரே நாளில் கேன்சல் செய்தார். கலாஸ், முடிந்தது.

அதனால் இந்த முறை புது உத்தரவு. பதிக்கப்போகிற போர்மேனே நேரில் போய்க் கல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கல் கெட்டால் அவனும் அவன் கேங்கும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை ஆபீசில் உட்கார வைத்து, இந்தியில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னார்கள். இங்கிலீஷில் சொன்னதற்கும் தலையாட்டினேன்.

ரூமில் வந்து ஜெர்மனி போவதை மட்டும் சொன்னபோது குமார் சிரித்தான். என்னிடம் வேலை பழகியவன், வாய் அதிகம். "ஜெர்மனிக்கு, கல்லு பாக்கவா? நம்மூர்ல கல்லப் பாத்துப் பாத்து வெறுத்துத்தானேண்ணே இங்க வந்தோம்?"

என்னோடு வந்தவர் பர்ச்சேஸ் மேனேஜர் வர்கீஸ் சார். கோட்டயத்துக்காரர். இருபது வருடம் தமிழ் ஆட்களோடு மல்லுக்கட்டியதில் அவருக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது. மீதிப் பாதியை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

போய் இறங்கியதும் முதல் காரியமாக என் பெட்டி வரவில்லை. ஸ்வெட்டர், சுத்தி, உளி, ஊறுகாய், எல்லாம் அதில். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பாஸ்போர்ட். வெளியே வேனோடு ஒருவர் நின்றார். பேச்சைப் பெயர்த்துச் சொல்லவும் வண்டி ஓட்டவும் ஏற்பாடு செய்திருந்த ஆள். பெயர் சிவநேசன், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் ஆகிறதாம்.

"வாங்கோ தம்பி. ஜாக்கெட் எங்கை?"

"பெட்டியிலங்க."

"பெட்டி எங்கை?"

"தெரியலைங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேனின் பின்னால் தேடி ஊதாவில் பூப்போட்ட ஒரு பொம்பளை மழைக் கோட்டை எடுத்தார். "மனுசியின்ர. போடுங்கோ. இஞ்ச ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்க மாட்டினம்."

பார்த்தார்கள். ஆறு நாளும் பார்த்தார்கள்.

ரைன் என்கிற ஆற்றைத் தாண்டிய பிறகு மலைகள் வந்தன. அந்தப் பக்கத்துக்கு ஐஃபெல் என்று பெயர். நம் ஊர் மலை மாதிரி தொடர்ச்சியாக இல்லை. சமமான நிலத்தில் நெல்லைக் கொட்டிக் குவித்த மாதிரி அங்கொன்று இங்கொன்று. சிலதுக்குத் தலை மழுங்கியிருந்தது. சிலதுக்கு உச்சியில் குழி. மேலே காடு, சுற்றிலும் மஞ்சளாகப் பூத்த வயல்.

"இதெல்லாம் எரிமலை" என்றார் சிவநேசன், கியர் மாற்றிக்கொண்டே.

"எதுங்க?"

"இந்தா இது. அங்கால நிக்கிறது. நாங்கள் போற ரோட்டும் அதின்ர சாம்பலுக்கு மேலதான்."

நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ. செத்த எரிமலை. செத்துக் கனகாலம்."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அப்பிடித்தான் சொல்லினம்."

பின்சீட்டிலிருந்து வர்கீஸ் சார் குரல் கொடுத்தார். "எடோ, நீ கல்லு நோக்க வந்ததல்லே? மலைக்கு உயிர் உண்டோ இல்லையோ, நமக்கு எந்தா?"

மலைக்கு உயிர் இருந்தால் நமக்கு இருக்காது. கதவுப் பிடியை விடவில்லை.

அப்புறம் ஒரு டிராக்டர் முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே முக்கால் மணி நேரம் போனோம். ஹாரன் அடிக்கக் கூடாதாம், மரியாதை இல்லையாம். துபாயில் நூற்றிருபதில் போனாலே பின்னால் வருகிறவன் விளக்கை அடித்துக் கண்ணைப் பறிப்பான். இங்கே ஒரு டிராக்டர், அதன் மேல் ஒரு தொப்பி, தொப்பிக்குள் ஒரு பெரியவர், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். சிவநேசன் பாட்டுப் போட்டார்.

ஊருக்குள் போனால் வீடெல்லாம் கறுப்புக் கல். படி, ஜன்னல் விளிம்பு, தேவாலயம், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி, எல்லாம் அதே கல். கூரையும் கறுப்பு. அடுப்புக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் நேர்த்தி. இணைப்பில் ஒரு தாள்கூட நுழையாது. கட்டியவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று நினைத்தேன். செத்து முந்நூறு வருடம் இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பன்றி, அதன் பக்கத்தில் பன்றி, பிறகு உருளைக்கிழங்கு. எனக்குப் பன்றி பழக்கமில்லை. ஆறு நாளும் உருளைக்கிழங்கைத் தின்றேன். ரொட்டியைக் கல்லில் தட்டினால் கல் உடையும். கக்கூஸில் தண்ணீர் இல்லை, காகிதம். குடிக்க வைத்திருந்த பாட்டிலைத்தான் உள்ளே கொண்டுபோனேன். அதிலும் கேஸ் அடைத்த தண்ணீர். இதற்கு மேல் எழுத வேண்டாம்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, குவாரிக்குப் போனோம். மழை.

குவாரியை நான் மறக்க மாட்டேன். ஒரு மலையைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய முகம் முழுக்கத் தூண்கள். ஒவ்வொன்றும் ஆறு பட்டை, மூன்று ஆள் உயரம், இடைவெளி இல்லாமல் நெருக்கி நின்றன.

"யாருங்க செதுக்கினது?"

சிவநேசன் குவாரி ஆபீஸ் ஆளிடம் கேட்டுச் சொன்னார். "ஒருத்தரும் செதுக்கேல்லை. நெருப்புக் குழம்பு ஆறேக்க தானாப் பிளந்ததாம். குளம் வத்தினாப் பிறகு சேறு காய்ஞ்சு வெடிக்குமெல்லோ? அப்பிடி."

அது புரிந்தது. எங்கள் ஏரி மண் வெடிப்பதும் மூலை மூலையாகத்தான்.

துபாய்க்குப் போக வேண்டிய கல்லை அறுத்து மூன்று அடுக்காக வைத்திருந்தார்கள். என் சுத்தி எந்த ஊரில் இருக்கிறதோ. அங்கேயே ஒன்று வாங்கித் தட்டிப் பார்த்தேன். நாங்கள் கல்லைக் காதால்தான் பார்ப்போம். நல்ல கல் மணி மாதிரி பேசும். மொத்தென்று பேசினால் உள்ளே கோளாறு. அடுத்தது தண்ணீர். கல்லை நனைத்துக் காயவிட்டால், விரிசல் இருக்கிற இடத்தில் ஈரம் கோடாக நிற்கும். இருபத்தைந்து வருடம் இந்த இரண்டை வைத்துத்தான் பிழைத்தேன்.

மூன்று அடுக்கும் மணி மாதிரி பேசின. வெண்கலம். அப்படி ஒரு சத்தத்தை எங்கள் ஊர்க் கல்லில்கூட நான் கேட்டதில்லை. தண்ணீர்ச் சோதனைக்குக் கல் காய வேண்டும். வானம் காயவிடவில்லை. ஆபீஸ் ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வர்கீஸ் சார் என்னைப் பார்த்தார்.

"எந்தாடோ, நல்லதா?"

"நல்லாப் பேசுது சார். ஆனா காஞ்சா இன்னொரு தடவை..."

"இங்க எப்பழா காயும்? ஒப்பிடு."

ஒப்பு என்றால் அவர் பாஷையில் கையெழுத்து. தமிழில் போட்டேன். இதில் வர்கீஸ் சாரைச் சொல்லிப் பயனில்லை. கை என்னுடையது.

ஒவ்வொரு அடுக்கிலும் கைப்பிடி அளவு ஒரு சில்லு உடைத்துத் துண்டில் முடிந்துகொண்டேன். கல் எவ்வளவு கெட்டி என்று ஆட்களிடம் காட்டினால் அதற்கேற்ப உளி தீட்டி வைப்பார்கள். அது எங்கள் பழக்கம்.

கிளம்பும்போது ஒரு லோடர் வண்டி வந்து நின்றது. வீடு உயரம். ஓட்டியது ஒரு பொம்பளை, ஐம்பது வயது இருக்கும், ஹெல்கா என்று பெயர். என் ஊதாக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"உந்தக் கல்லு எங்க போகுது எண்டு கேக்கிறா" என்றார் சிவநேசன்.

"துபாய்னு சொல்லுங்க."

சொன்னார். ஹெல்கா ஆபீஸ் ஆளை ஒரு பார்வை பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிறு. வர்கீஸ் சார் பெரிய தேவாலயத்தில் குர்பானா பார்க்க ரயிலேறிக் கொலோன் போனார், திரும்புவது திங்கள் ராத்திரி. ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. நல்ல வேலைநாளை வீணடிக்கிறார்கள் என்று தோன்றியது. துபாயில் வெள்ளிக்கிழமை பகலில் சாத்துகிற கடைகூடச் சாயங்காலம் திறந்துவிடும். சிவநேசன் என்னை ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனார். பெயர் என் வாயில் நுழையவில்லை. தட்டு மாதிரி வட்டம், சுற்றி வரம்பு மாதிரி காட்டு மலை. அதுவும் எரிமலையின் வாய்தானாம். வெடித்து உள்ளே இடிந்து, தண்ணீர் நிரம்பிவிட்டது. கரையோரம் தண்ணீருக்குள்ளிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது.

"மீனுங்களா?"

"இல்லை, காத்து. எரிமலையின்ர மூச்சு."

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?"

"அது... சில பேர் நித்திரை எண்டும் சொல்லினம்."

வெள்ளிக்கிழமை செத்தது, ஞாயிற்றுக்கிழமை நித்திரை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

திரும்பி ஊர் வழியாக நடந்தோம். மழை விட்டிருந்தது. ஒரு தோட்டத்துச் சுவர் அதே கறுப்புக் கல்லில் கட்டியிருந்தது. பழைய சுவர் இல்லை. அதன் மேல் அம்மை போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் புள்ளி. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மயிரிழை மாதிரி விரிசல் அடுத்த புள்ளிக்கு ஓடியது. கட்டைவிரலால் தேய்த்தேன். கல் உதிர்ந்தது. பயறு அளவு உருண்டை உருண்டையாக என் கையில் விழுந்தது.

இருபத்தைந்து வருடத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. அடுத்த கல்லையும் தேய்த்தேன், அதுவும் உதிர்ந்தது.

தோட்டத்துக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஹெல்கா. அது அவர் வீடு.

அவர் சொல்லச் சொல்ல சிவநேசன் சொன்னார். சுவர் கட்டி நாலு வருடம்தான் ஆகிறது. கல் அதே குவாரி, மேல் பக்கம். இந்த எரிமலைக் கல்லில் சிலதுக்கு ஒரு நோய் உண்டு. மலைக்குள் இருக்கிற வரை இரும்பு. வெட்டி வெளியே வைத்து வெயிலும் ஈரமும் பட்டால் புள்ளி வரும், பிறகு உதிரும். அவர்கள் பாஷையில் அதற்கு 'வெயில் சுட்ட கல்' என்றே பெயர். ஒரே குவாரியில் ஒரு பக்கம் நல்ல கல், மறுபக்கம் நோய்க் கல். புதிதாக வெட்டியதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"சத்தத்துல தெரியாதுங்களா?"

கேட்டார். ஹெல்கா தெரியாது என்று தலையாட்டினார். புதுசில் நோய்க் கல்லும் மணி மாதிரிதான் பேசும்.

"நேத்தே ஏன் சொல்லலைன்னு கேளுங்க."

"நேத்து ஆபீஸ் ஆள் குடையோட பக்கத்தில நிண்டவர். இண்டைக்கு ஞாயிறாம்" என்றார் சிவநேசன்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நெருப்பிலிருந்து வந்த கல். அதற்கு வெயில் ஆகாதாம். அதை வாங்கித் துபாயில் போடப்போகிறோம். பதினான்கு பேரும் அங்கே அந்தச் சிரிப்புப் பேச்சோடு சாந்து குழைத்துக்கொண்டிருப்பார்கள். என் கையெழுத்து இங்கே ஒரு பைலில் இருக்கிறது.

"கண்டுபிடிக்க வழி இருக்கா?"

இருந்தது. ஹெல்கா கையால் ஒரு பானையைக் காட்டினார். தண்ணீரில் போட்டு ஒன்றரை நாள் கொதிக்க விட வேண்டும். "உருளைக்கிழங்கு மாதிரி" என்றார். நோய் இருந்தால் புள்ளி வெளியே வந்துவிடும். லோடு ஏற்றுவது செவ்வாய் காலை. நேரம் சரியாக இருந்தது.

ஹோட்டல் ரூமில் அடுப்பு இல்லை. துண்டு முடிச்சோடு சிவநேசன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ராணியக்கா குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும் போட்டார். மூன்று நாளுக்குப் பிறகு சோறு. சாப்பிட்டு முடிக்கிற வரை விஷயத்தைச் சொல்லாதே என்று சிவநேசன் கண்ணால் சொன்னார்.

சொன்னதும் ராணியக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன? கல்லையோ? என்ர இட்டலிப் பானையிலையோ?"

"அதுதான் ராணி பெரிய பானை."

"உங்களுக்கென்ன விசரே? மூண்டு நாளா என்ர கோட்டைக் காணேல்லை, இப்ப பானை."

"கோட்டு நான்தாங்க்கா போட்டிருக்கேன்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கப்போகிறாரா அடிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. "சரி, வையுங்கோ. அவிஞ்சாப் பிறகு கூப்பிடுங்கோ, சம்பல் அரைச்சுத் தாறன்."

மூன்று சில்லிலும் ஓர் ஆணியால் கோடு கீறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தோம். திங்கள் மதியம் அக்காவுக்குக் குழம்பு வைக்க அந்த அடுப்பு வேண்டியிருந்தது. இறக்கக் கூடாது என்றேன். இது யாருடைய வீடு என்று கேட்டார். சிவநேசன் கடைக்குப் போய்ப் பீட்சா வாங்கி வந்தார். அக்கா அதையும் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். ஆனால் நான் கண்ணயர்ந்தபோது தண்ணீர் ஊற்றியது அவர்தான்.

செவ்வாய் விடிவதற்குள் இறக்கினோம். ஒன்றும் இரண்டும் அம்மை. மூன்று சுத்தம். அக்காவின் அம்மிக்குழவியால் ஒன்றைத் தட்டினேன். சனிக்கிழமை வெண்கலமாகப் பேசியது இப்போது மொத்தென்றது. இன்னொரு தட்டு. பயறாகக் கொட்டியது.

"ஐயோ, அவிஞ்சே போச்சு" என்றார் ராணியக்கா. யாரும் சிரிக்கவில்லை.

செவ்வாய் காலை வர்கீஸ் சார் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் துண்டை அவிழ்த்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். எனக்கு அது நீளமான பேச்சு. அவர் ஜாமை வைத்துவிட்டுப் பொடியைக் கையில் எடுத்தார்.

"சனியாழ்ச்ச நல்ல கல்லுன்னு ஒப்பிட்ட. இப்போ சீத்தைன்னு பறயற. உன் வாயில எது நேரு, எது பொய்?"

"இதுதான் சார். சனிக்கிழமை போட்டது தப்பு. அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுங்க."

"கிழிக்கான் பற்றில்ல. ஃபாக்ஸ் அன்னைக்கே துபாய்க்குப் போயாச்சு."

பொடியைத் துண்டிலேயே கொட்டிக் கையைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாமத்த பேப்பர் எழுதலாம். பட்சே அதுல, முதல் தடவை எனக்குத் தப்பு பற்றிப்போச்சுன்னு நீ எழுதணும். தப்பு பற்றின ஆளை அர்பாப் என்ன செய்யும்னு அறியாமல்லோ?"

"தெரியும் சார்."

"நீ மிண்டாம, வாய மூடி இருந்தா, இது உதிர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அப்பழா நீ எங்க, நான் எங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். தனக்காகவும்தான். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். என் விசாவில் ஒன்றரை வருடம்தான் பாக்கி. கல்லைப் பதித்துவிட்டு ஊருக்குப் போயிருப்பேன். கேங்கில் பாதிப் பேருக்கு மேல் அப்போதும் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

"துபாய் வெயில்ல மூணு வருஷம் ஆகாது சார். முதல் கோடையே தாங்காது" என்றேன். "எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

இங்கிலீஷில் எழுதினார். நீளமாக இருந்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடியவர், மறுபடி திறந்து அடியில் இன்னும் மூன்று வரி எழுதினார். எனக்கு அது படிக்கத் தெரியாது. தன்மேல் பழி வராமல் ஏதோ எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

குவாரி ஆபீசில் குடைக்காரர் ஒரு மணி நேரம் கத்தினார். சிவநேசன் பாதிக்கு மேல் பெயர்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். "ஒண்டும் இல்லைத் தம்பி, திரும்பத் திரும்ப அதையே கதைக்கிறார்." அப்போது வர்கீஸ் சார் என் துண்டை வாங்கி அவர் மேஜை மேல் உதறினார். பொடி பைல் மேலெல்லாம் கொட்டியது. ஆபீஸ் ஆள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்துவிட்டார். முதல் இரண்டு அடுக்குக்குப் பதிலாகக் கீழ்ப் பக்கத்துக் கல் தருவது, வேகவைத்துக் காட்டிவிட்டு ஏற்றுவது, மூன்று வாரம் தாமதம் என்று முடிந்தது. வெளியே ஹெல்கா எங்களைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளாமல் லோடரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கிளம்பும் நேரத்தில் என் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஊறுகாய் பாட்டில் உடைந்து, ஸ்வெட்டர், சுத்தி, உளி எல்லாம் மாங்காய். பெட்டியோடு வேனில் ஏறினேன். வர்கீஸ் சார் ஏர்போர்ட் வரை ஜன்னலைத் திறந்தே வைத்தார். கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ராணியக்கா அதைத் துவைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

துபாயில் விமானக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் எனக்கு உயிர் வந்தது. ஆறு நாளாக மரத்துப்போயிருந்த விரல் மடங்கியது.

மறுநாள் ஆபீஸ். நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள். இரண்டு பேப்பரும் அர்பாப் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஐதராபாத்துக்காரச் செகரட்டரி இரண்டாவதை வாசித்து அரபியில் சொன்னார். அடியில் இருந்த மூன்று வரிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னார். "இந்த ஆளே கல்லை வேகவைத்துக் கோளாறைக் கண்டுபிடித்தான். இவன் வாயைத் திறக்காவிட்டால் நம் யாருக்கும் தெரிந்திருக்காது. மேலே உள்ள தப்பில் பாதி என்னுடையது, மழையில் அவசரப்படுத்தினேன் என்று வர்கீஸ் எழுதியிருக்கிறார்."

நான் தரையைப் பார்த்தேன். அந்த மனுஷனைப் பற்றி நான் நினைத்தது தப்பு. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அர்பாப் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கல்லை எதில் வேகவைத்தாய்?"

"இட்லிப் பானையில்."

இட்லிப் பானைக்கு அரபியில் என்னவென்று தெரியாமல் செகரட்டரி திண்டாடினார். அர்பாப் சிரிக்கவில்லை. பேப்பரை மூடினார். கேங் இருக்கட்டும். போர்மேன் வேலை இவனுக்கு வேண்டாம், கல் பதிக்கிற ஆளாக இருக்கட்டும். லீவு இந்த வருடம் கிடையாது. யல்லா, அடுத்த ஆள்.

ரூமில் ஜெர்மன் சாக்லேட் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். மெல்ல மெல்லப் பானைக் கதை ஆபீசிலிருந்து கசிந்தது, எனக்குக் 'கல்லு சமையல்காரர்' என்று பெயர் வைத்தார்கள். தினமும் யாராவது ஒருவன், "அண்ணே, இன்னைக்கு என்ன கல்லு? குழம்பா, வறுவலா?" என்பான். பதினைந்து பேர் விசாவும் போகவிருந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

குமாரைப் போர்மேன் ஆக்கினார்கள். கல் வந்து சேர்ந்த அன்றைக்குக் காலை, கேம்ப் பஸ்ஸில் வருகைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றான். முகம் வேர்த்திருந்தது.

"நீங்களே எண்ணுங்கண்ணே. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நீதான் போர்மேன். எண்ணு."

ஒவ்வொரு சீட்டாக விரலை நீட்டிக்கொண்டு போனான். தூங்குகிறவனை உலுக்கினான். கடைசி சீட்டில் இருந்த என்னைத் தொடாமல் விரலை மட்டும் காட்டினான். திரும்பி நின்று தன்னையும் சேர்த்துக்கொண்டு டிரைவரிடம் உரக்கச் சொன்னான்.

"பதினஞ்சு பேரும் இருக்கோம் பாய், எடுங்க."